சுழலும் தட்டுகளின் சரித்திரம் – 9: நிலவறையில் உருவான நாதம்

1963-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், லண்டன் மாநகரின் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் நுழைந்த நான்கு இளைஞர்கள், காலை முதல் இரவு வரையில் பாடிப் பத்துப் பாடல்களைப் பதிவு செய்து, தங்கள் முதல் இசைத்தட்டை ஏறக்குறைய முடித்துவிட்டே வீடு திரும்பிய வரலாற்றைச் சென்ற பகுதியில் கண்டோம். மேடைகளில் நூற்றுக்கணக்கான இரவுகள் பாடிப் பாடிப் பழகியவற்றை ஒலிவாங்கியின் முன் நின்று இன்னும் ஒரு முறை உற்சாகத்தோடு நிகழ்த்திக் காட்டுவதே பீட்டில்ஸ் குழுவினருக்குப் போதுமானதாக இருந்தது; அவர்களுடைய பழக்கமே அவர்களுடைய தயாரிப்பு. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரையில், அதற்கு முற்றிலும் எதிரான முறையில் தோன்றி, விற்பனையில் அதுவரை எந்த ராக் குழுவின் முதல் தட்டும் காணாத உயரத்தைத் தொட்ட மற்றொரு தட்டின் கதையை இப்போது காண்போம். இதில் மேடை இல்லை. மேடைப் பழக்கம் பெரிதாக இல்லை. பதிவின் பெரும்பகுதியில் குழுவே இல்லை என்று சொன்னாலும் மிகையாகாது. ஒரு வீட்டின் நிலவறை, ஓர் ஒலிநாடாக் கருவி, ஒரு மனிதனின் பல ஆண்டுப் பொறுமை, அவனுக்கு வாய்த்த ஓர் அபூர்வமான குரல் ஆகிய இவையே அத்தட்டின் மூலதனம்.

அந்த மனிதரின் பெயர் டாம் ஷோல்ஸ். 1947-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ நகரில் பிறந்த அவர், இளமையில் மேற்கத்திய சாஸ்திரீய முறையில் பியானோ பயின்றவர். யந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதிலும் மீண்டும் பூட்டுவதிலும் தீராத ஆர்வம் கொண்டவர். அந்த ஆர்வமே அவரை உலகப் பிரசித்தி பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே யந்திரப் பொறியியலில் முதுகலைப் பட்டமும் பெற்று, உடனடிப் புகைப்படக் கருவிகளால் புகழ் பெற்றிருந்த போலராய்டு நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளராக அமர்ந்தார். கித்தாரை அவர் கையிலெடுத்தது மாணவப் பருவத்தின் கடைசி ஆண்டுகளில்தான். பகலெல்லாம் நிறுவனத்தின் வரைபடங்களோடு உழைத்துவிட்டு, மாலையில் வீடு திரும்பியதும், பாஸ்டன் நகரை அடுத்த வாட்டர்டவுனில் தாம் குடியிருந்த கட்டடத்தின் நிலவறைக்குள் இறங்கி, நள்ளிரவு கடந்தும் தம் சங்கீதத்தோடு போராடிக்கொண்டிருப்பது அவருடைய நித்திய கடமையாயிற்று. வெப்ப உலையை ஒட்டிய சிறு இடம் அது. பைன் பலகை அடித்த சுவர்கள். அவ்வப்போது தண்ணீர் புகுந்துவிடும் தரை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமெல்லாம் ஒலிப்பதிவுச் சாதனங்களாக மாறி அந்த அறையை நிரப்பிற்று.

அவர் அங்கே செய்துகொண்டிருந்தது இன்னதென்று விளங்க வேண்டுமானால், பல தடப் பதிவு என்னும் முறையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். பீட்டில்ஸ் குழுவினரின் முதல் தட்டு பதிவானபோது ஒலிநாடாவில் இரண்டே தடங்கள் இருந்தன. ஆகையால் எல்லோரும் சேர்ந்து ஒரே வேளையில் வாசித்துப் பாடியாக வேண்டும், ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் தொடங்க வேண்டும். எழுபதுகளில் தடங்கள் பெருகிவிட்டன. ஷோல்ஸிடம் இருந்த ஸ்கல்லி என்னும் கருவி பன்னிரண்டு தடங்கள் கொண்டது. ஒரு தடத்தில் தாளத்தைப் பதிவு செய்துவிட்டு, அதைக் காதில் கேட்டபடியே அடுத்த தடத்தில் பேஸ் கித்தாரை வாசிக்கலாம். அவ்விரண்டையும் கேட்டபடி மூன்றாவதில் ஆர்கனை வாசிக்கலாம். அதன் மேல் ஒரு கித்தார், அந்தக் கித்தாருக்கு இணையாக இன்னொரு கித்தார் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தேர்ச்சியும் பொறுமையும் உள்ள ஒருவர் தனித்திருந்தே ஒரு குழு முழுவதாகவும் ஆகிவிட இம்முறை இடந்தந்தது. ஆனால் ஒவ்வொரு அடுக்கும் அதற்கு முந்திய அடுக்கோடு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் அழித்துவிட்டு மறுபடியும் வாசிக்க வேண்டும். நெசவாளன் பாவின் மேல் ஊடை கோத்து அங்குலம் அங்குலமாகத் துணியை வளர்ப்பதுபோல், ஷோல்ஸ் ஒரு பாட்டை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், வளர்த்துக்கொண்டே போனார்.

அந்த நிலவறையில் பொறியாளரும் இசைக்கலைஞரும் ஒருவருக்கொருவர் உதவியாக இருந்த விதம் விசேஷமானது. ராக் இசைக்குரிய கித்தாரின் அந்தக் கனத்த, கரகரத்த, நீண்டு ஒலிக்கும் நாதம், வால்வுகள் கொண்ட ஒலிபெருக்கியை அதன் முழு வலிமைக்கும் முடுக்கினால்தான் கிடைக்கும்; அப்படி முடுக்கினாலோ வீடே அதிரும், அண்டை அயலார் சகிக்க மாட்டார்கள், ஒலிவாங்கியும் சரியாகப் பற்றாது. ஷோல்ஸ் இதற்குத் தாமே ஒரு பரிகாரம் செய்தார். ஒலிபெருக்கிக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் இடையில், மின்சக்தியின் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றி விழுங்கிவிடும் கருவியொன்றை அமைத்து, வால்வுகள் முழு வேகத்தில் இயங்கும்போதே ஓசையை மட்டும் அறைக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்துக்கொண்டார். அதுபோலவே, ‘ஹிட்ச் எ ரைட்’ என்னும் பாட்டில் ஆர்கனின் ஸ்வரம் கமகம்போல் வளைந்து இறங்க வேண்டும் என்று அவர் மனம் விரும்பியபோது, ஆர்கனின் கட்டைகளால் அது இயலாது என்று விட்டுவிடாமல், சுழலும் நாடாச் சக்கரத்தை விரலால் மெல்ல அழுத்தி அதன் வேகத்தைத் தணித்து, அந்த வளைவைப் பெற்றுவிட்டார். யந்திரத்தை அறிந்தவனுக்கே அதனிடம் இத்தனை உரிமையோடு பழகும் துணிவு பிறக்கும்.

எத்துணை திறமையிருந்தும், ஷோல்ஸுக்கு இல்லாதது ஒன்று உண்டு, அது குரல். அக்குறையைத் தீர்த்து வைத்தவர் பிராட் டெல்ப் என்னும் இளைஞர். காப்பி தயாரிக்கும் மின்கருவிகளுக்கு வெப்பச் சுருள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்துவந்த அவரை, கித்தார் கலைஞர் பாரி கூட்ரோ கண்டுபிடித்து அழைத்துவந்தார். மிக உச்சமான ஸ்தாயியிலும் இனிமை குன்றாமல், வலிந்து முயன்றதாகத் தோன்றாமல் பாடவல்ல குரல் டெல்ப்புக்கு இருந்தது. அதோடு, தம் குரலின் மேல் தம் குரலையே பல முறை அடுக்கிப் பாடி, ஒருவரே ஒரு பாடற்குழுவாக ஒலிக்கும் வித்தையும் அவருக்குக் கைவந்திருந்தது. கித்தார்களை அடுக்கும் மனிதருக்கும் குரல்களை அடுக்கும் மனிதருக்கும் ஏற்பட்ட இந்தச் சேர்க்கையே பின்னால் உலகம் கேட்ட ஒலியின் ஜீவநாடி என்று சொல்லலாம்.

இவ்வளவு உழைத்தும் பலன் உடனே கிட்டவில்லை. மாதிரிப் பதிவுகளைச் செய்து இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அனுப்புவதும், அவை மறுக்கப்படுவதும், மறுத்ததற்கான காரணத்தைத் தமக்குள்ளேயே தேடி மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதுமாக எழுபதுகளின் முற்பாதி கழிந்தது. பின்னால் அவருக்குப் பெரும் புகழையும் தனக்குப் பெரும் செல்வத்தையும் ஈட்டிய எபிக் நிறுவனமும் முதலில் அவரைத் திருப்பியனுப்பிய நிறுவனங்களுள் ஒன்று. இனி ஒரு முறை முயன்று பார்ப்பது, அதுவும் பலிக்காவிட்டால் இந்த ஆசையைத் துறந்துவிடுவது என்ற நிச்சயத்தோடு ஷோல்ஸ் செய்த பதிவுகள்தாம் பால் ஆஹெர்ன், சார்லி மக்கென்ஸி என்ற இரு நிர்வாகிகளின் கைக்குப் போய், அவர்கள் வழியாக எபிக் நிறுவனத்தின் கதவை மறுபடியும் தட்டின. இம்முறை கதவு திறந்தது.

எனினும் நிறுவனத்தாருக்கு ஒரு சந்தேகம். நாடாவில் கேட்பது அற்புதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உண்மையான குழுதானா, மேடையில் நின்று வாசிக்க வல்லதா என்று அவர்கள் அறிய விரும்பினார்கள். 1975-ஆம் ஆண்டு நவம்பரில், ஏரோஸ்மித் குழுவினர் பயிற்சி செய்துவந்த பாஸ்டன் கிடங்கு ஒன்றில், ஷோல்ஸ், டெல்ப், கூட்ரோ, பேஸ் கித்தார் வாசிக்க ஃபிரான் ஷீஹன், டிரம்ஸ் வாசிக்க சிப் ஹாஷியன் ஆகிய ஐவரும் அதிகாரிகளின் முன் வாசித்துக் காட்டினார்கள். சோதனையில் தேறினார்கள், ஒப்பந்தமும் ஆயிற்று. ஆறு ஆண்டுகளில் பத்துத் தட்டுகள் தர வேண்டும் என்பது அதன் விதி. இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஒரு பாட்டுக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும் மனிதனிடம் ஓர் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தட்டைக் கேட்ட இந்த வாசகத்தில்தான் பின்னால் விளைந்த வழக்குகளின் வித்து அடங்கியிருந்தது.

உடனடியாக எழுந்த பிணக்கு வேறு. நிலவறைப் பதிவுகளை அப்படியே வெளியிடுவது கூடாது, தகுந்த கூடத்தில், அனுபவம் மிக்க தயாரிப்பாளரைக் கொண்டு, எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. அந்த நாதம் இந்த அறையில், இந்தக் கருவிகளில், அவசரப்படுத்துவார் யாருமின்றித் தாம் தனித்திருக்கும் இரவுகளில்தான் பிறக்கும் என்பது ஷோல்ஸின் உறுதி. இவ்விரண்டுக்கும் நடுவே ஜான் பாய்லன் என்ற தயாரிப்பாளர் ஒரு வழி கண்டார். அவர் குழுவின் மற்ற நால்வரையும் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அழைத்துச் சென்று, அங்கே முறையான கூடத்தில் டெல்ப் இயற்றிய ஒரு பாட்டைப் பதிவு செய்தார். நிறுவனத்தாரும் தங்கள் விருப்பப்படியே வேலை நடக்கிறதென்று நம்பியிருந்தார்கள். அதே வேளையில், மூவாயிரம் மைலுக்கு அப்பால், போலராய்டில் விடுப்பு எடுத்துக்கொண்ட ஷோல்ஸ் வாட்டர்டவுன் நிலவறையில் மற்றப் பாடல்களையெல்லாம் தம் போக்கில் பெரும்பாலும் தாமே வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தார். கலைஞனின் இயல்பறிந்து அவனை அவனிடத்திலேயே விட்டுவைத்த பாய்லனின் இந்த விவேகம், தயாரிப்பாளர்களின் சரித்திரத்தில் ஓர் உயர்ந்த உதாரணம்.

இங்கே ஒருவரை மறந்துவிடலாகாது. ஷோல்ஸின் ஆரம்ப ஆண்டுகளில் அவரோடு உடனிருந்து டிரம்ஸ் வாசித்தவர் ஜிம் மஸ்டேயா. நிறுவனத்தாரின் நிர்ப்பந்தத்தால் அவர் விலக நேர்ந்து, ஹாஷியன் அவ்விடத்துக்கு வந்தார். வந்தவரும் பெரும்பாலும் மஸ்டேயா முன்பே அமைத்திருந்த தாள அமைப்புகளையே பின்பற்றி வாசித்தார். ‘ராக் அண்ட் ரோல் பேண்ட்’ என்ற ஒரு பாட்டில் மட்டும் மஸ்டேயாவின் வாசிப்பே நிலைத்தது. பெரும் வெற்றிகளின் அஸ்திவாரத்தில் இப்படிச் சிலருடைய உழைப்பு மறைந்து கிடப்பதுண்டு. சரித்திரம் எழுதுகிறவர்கள் அவர்களுக்குரிய இடத்தைக் கொடுத்துவிடுவதே தர்மம்.

நிலவறை வேலை முடிந்ததும், ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலிருந்து ஒலிப்பதிவு வண்டியொன்று வரவழைக்கப்பட்டது. வீதியில் நின்ற அந்த வண்டியிலிருந்து நிலவறை ஜன்னல் வழியாகக் கேபிளை உள்ளே விட்டு, ஷோல்ஸின் பன்னிரண்டு தட நாடாவிலிருந்த அனைத்தையும் இருபத்துநான்கு தட நாடாவுக்கு மாற்றினார்கள். புதிதாகக் கிடைத்த தடங்களில் டெல்ப்பின் குரல் லாஸ் ஏஞ்சலிஸில் சேர்க்கப்பட்டது. பாய்லனும் ஷோல்ஸும் உடனிருந்து கலவையை முடித்தார்கள். குழுவினரின் இசை பிறந்து வளர்ந்த சூழலின் பெயரே குழுவுக்கும் தட்டுக்கும் இடப்பட்டது: ‘பாஸ்டன்’. நிலவறையில் நடந்த பதிவுக்கான செலவு, அக்காலத்துப் பெருங்கூடங்களில் செலவானதோடு ஒப்பிட்டால், சில ஆயிரம் டாலர்களுக்குள் அடங்கிய சொற்பத் தொகையே.

எட்டுப் பாடல்கள், முப்பத்தெட்டு நிமிஷங்களுக்கும் குறைவான நேரம். முதலில் வரும் ‘மோர் தேன் எ ஃபீலிங்’, ஒரு பழைய பாட்டைக் கேட்கும் கணத்தில் மறைந்துபோன நேசம் மனத்தில் மீண்டெழுவதைப் பற்றியது. மெல்லிய கித்தார் ஒலி எங்கிருந்தோ நெருங்கிவருவதுபோல் தொடங்கி, டெல்ப்பின் குரலோடு உயர்ந்து, அக்குரல் எட்டிய உச்சத்திலிருந்து கித்தார் அதை ஏந்திக்கொண்டு மேலே செல்லும் அந்த இடத்தைக் கேட்டவர்கள், ஷோல்ஸ் அப்பாட்டை முடிக்க ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டதற்காக அவரைக் குறைகூற மாட்டார்கள். அடுத்த ‘பீஸ் ஆஃப் மைண்ட்’, உத்தியோக ஏணியில் ஒருவரையொருவர் முந்த விரையும் வாழ்க்கையை விட்டு மன அமைதியை நாடச் சொல்லுவது. பகலில் அந்த ஏணியின் அடியில் நின்றுகொண்டிருந்தவரின் அனுபவமே அதில் பேசுகிறது. ‘ஃபோர்ப்ளே’ என்னும் வாத்திய முன்னுரையில் ஆர்கன் பாய்ந்தோடும் வேகத்தில், சிறு வயதில் பயின்ற சாஸ்திரீய சங்கீதத்தின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. அது முடியும் இடத்தில் ‘லாங் டைம்’ என்ற பாட்டு விரிகிறது. எல்லாப் பாட்டுகளிலும் இரண்டு கித்தார்கள் கைகோத்து ஒரே மெட்டை இரு ஸ்வர நிலைகளில் பாடிச் செல்லும் இன்பம் இருக்கிறது. கனமும் இனிமையும் ஒன்றையொன்று கெடுக்காமல் இப்படி ஒன்றுபட்டிருப்பதே இத்தட்டின் தனிச்சிறப்பு.

1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் தட்டு வெளிவந்தது. கித்தாரின் உருவில் அமைந்த விண்கலங்கள் வெடித்துச் சிதறும் பூமியிலிருந்து தப்பிச் செல்வதாக எழுதப்பட்ட அதன் உறைச் சித்திரம், கடைகளில் கண்டவர்களையெல்லாம் நிறுத்திற்று. அக்காலத்து அமெரிக்காவில் பண்பலை வானொலி நிலையங்கள், தனிப்பாட்டுகளை மட்டுமன்றி முழுத் தட்டுகளிலிருந்தும் விரும்பிய பாடல்களை எடுத்து ஒலிபரப்பும் வழக்கம் வேரூன்றியிருந்தது. தெளிவும் செறிவும் நிறைந்த இத்தட்டின் ஒலி அந்த அலைவரிசைக்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. ‘மோர் தேன் எ ஃபீலிங்’ தேசிய வரிசையில் ஐந்தாம் இடத்தைப் பிடித்தது. தட்டு மூன்றாம் இடம் வரையில் ஏறிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. 130 வாரங்களுக்கும் மேலாக அது விற்பனை வரிசையை விட்டு இறங்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் அதன் விற்பனை 1 கோடியே 70 இலட்சம் என்று 2003-ஆம் ஆண்டில் சான்றளிக்கப்பட்டது. 1987-இல் வெளிவந்த கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் முதல் தட்டு அதை முந்தும் வரையில், அந்நாட்டில் முதல் தட்டுகளுக்குள் முதலிடம் ‘பாஸ்டன்’ தட்டினுடையதாகவே இருந்தது.

விமர்சகர்கள் அனைவரும் இதனைக் கொண்டாடவில்லை. இது அளவுக்கு மீறி மெருகிடப்பட்டது, பெரிய நிறுவனங்கள் வானொலிக்காக வார்த்தெடுக்கும் சரக்கு என்ற அபிப்பிராயம் அன்றே எழுந்தது. அவ்வாண்டிலேயே நியூயார்க்கிலிருந்து ரமோன்ஸ் குழுவின் முதல் தட்டு மெருகையே பகைத்துக்கொண்டு வெளிவந்திருந்தபடியால், அந்த அபிப்பிராயத்துக்கு வலுவும் ஏற்பட்டது. இக்குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. நிறுவனம் விரும்பிய முறையில் இத்தட்டு செய்யப்பட்டிருந்தால் அது இவ்வாறு ஒலித்திருக்காது என்பதற்கு, நிறுவனத்தின் கண்ணுக்கு மறைவில் இது பிறந்த கதையே போதிய சாட்சி. ஏறத்தாழ ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு மனிதன் தன் கையால் வாசித்து, தன் செவியால் சோதித்து, தன் இரவுகளைக் கொடுத்து வாங்கியது. மெருகு இருக்கிறது, அது தன் வேலையை நேசிக்கும் கைவினைஞன் பொருளின் மேல் ஏற்றும் மெருகு.

வெற்றி தந்த புகழை நிறுவனம் உடனே பயன்படுத்திக்கொள்ள விரும்பியது. இரண்டாம் தட்டு 1978-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்து முதலிடத்தையும் பிடித்தது. ஆயினும் அது தம்மிடமிருந்து அவசரமாகப் பறிக்கப்பட்டது என்ற மனக்குறை ஷோல்ஸுக்கு நீங்கவில்லை. இனி எதுவும் முடிவதற்கு முன் என் கையை விட்டுப் போகாது என்று அவர் உறுதி பூண்டார். ஒப்பந்த விதிப்படி தட்டுகள் வரவில்லையென்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் நடந்த அவ்வழக்கு இறுதியில் ஷோல்ஸுக்குச் சாதகமாகவே முடிந்தது. மூன்றாம் தட்டு, வேறொரு நிறுவனத்தின் வழியே, எட்டு ஆண்டுகளுக்குப் பின் 1986-இல்தான் வெளிவந்தது. அதுவும் முதலிடம் பெற்றது. இடைக்காலத்தில் அந்தப் பொறியாளர் சும்மா இருக்கவுமில்லை. நிலவறையில் தம் தேவைக்குச் செய்துகொண்ட உபாயங்களை மற்றக் கலைஞர்களும் பயன்படுத்தும் பொருட்டுத் தமக்கென ஒரு நிறுவனம் தொடங்கி, ‘பவர் சோக்’ என்ற ஒலி தணிப்பானையும், இடுப்பில் மாட்டிக்கொண்டு காதுக் கருவியிலேயே கேட்கத்தக்க ‘ராக்மேன்’ என்ற சிறு ஒலிபெருக்கியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். டெல்ப் 2007-ஆம் ஆண்டில் காலமானார். அக்குரலுக்கு மாற்று ஒன்று இன்றுவரை இல்லை.

வீட்டறையில் அமர்ந்தே தட்டு முழுவதையும் பதிவு செய்வது இன்று எங்கும் நடைபெறும் சாதாரண காரியம். எண்ணற்ற தடங்கள், சொற்ப விலையில், எவருடைய மேஜையின் மேலும் கிடைக்கின்றன. அந்த வழியில் நடந்து சென்று பெருவெற்றி காணலாம் என்று மிகவும் முன்னதாகவே நிரூபித்தவர்களுள் ஷோல்ஸ் முதன்மையானவர். ஆனால் அவர் கதை கற்பிக்கும் பாடம் கருவியைப் பற்றியது மட்டுமன்று. முதல் தட்டு என்பது ஒரு கலைஞனின் வாழ்நாளில் அதுவரை சேர்ந்தது அனைத்தையும் கொண்டு செய்யப்படுவது. அதற்கு யாரும் தேதி குறிப்பதில்லை, யாரும் காத்திருப்பதில்லை, ஆகையால் அது பழுக்கும் வரை மரத்தில் இருக்கிறது. இரண்டாவது தட்டுக்கோ தேதி வந்துவிடுகிறது. பல குழுக்களின் சரித்திரத்தில் முதல் தட்டுக்கு நிகராகப் பின்னால் ஒன்று அமையாமற் போனதற்கு, திறமை வற்றியதைவிட அவகாசம் வற்றியதே பெரிய காரணம் என்பது என் முடிவு. 1 கோடியே 70 இலட்சம் பிரதிகளின் வெற்றியை அடைந்த நிறுவனம், அந்த வெற்றியை உண்டாக்கியது எதுவோ அந்த அவகாசத்தையே முதலில் பறிக்க முனைந்தது. இளம் கலைஞர்களிடம் பணி ஏற்பிப்பவர்கள், எத்துறையினராயினும், இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.